கருப்புக்கு மருந்து

எனக்குக் குதிரை ஆகாது. முப்பது வருடமாக இந்தப் பள்ளத்தாக்கில் மருத்துவ உதவியாளராக இருக்கிறேன். எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், இல்லை இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய் விட்டுவிட்டேன். ஆனால் இன்றைக்கும் குதிரைமேல் ஏறினால் இடுப்பு கழன்றுவிடுகிறது. கிர்கிஸ் பெண் இப்படிச் சொல்லலாமா என்று யாராவது கேட்டால், என் இடுப்பை ஒருநாள் வைத்துக்கொண்டு பாருங்கள், அப்புறம் பேசலாம் என்பேன்.

அன்று காலையில் டீத்தண்ணி கொதிப்பதற்குள் உலார் வந்து வாசலில் நின்றான். தெமிர் அண்ணனின் மகன். கோடைக்கு அவர்கள் குடும்பம் ஆடுகளையும் குதிரைகளையும் ஓட்டிக்கொண்டு மேலே சோங்-கோல் ஏரிக்கரைப் புல்வெளிக்குப் போயிருந்தது. அவன் கையில் இரண்டாவதாக ஒரு குதிரையின் கடிவாளத்தைப் பார்த்ததுமே அது எனக்குத்தான் என்று தெரிந்துவிட்டது.

“அக்கா, நீங்க மேல வரணும்.”

“யாருக்கு என்ன?”

“பெகாயிமுக்கு. முகம் உரியுது.”

பெகாயிம் அவன் மனைவி. கல்யாணமாகி இரண்டு வருடம். எட்டு மாதத்தில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. நான்தான் பிரசவம் பார்த்தேன்.

“ஜூலை மாசத்துல மேல இருக்கிற யாருக்குத்தான் உரியல? உன் மூக்கப் போய்க் கண்ணாடில பாரு. வேகவச்ச உருளைக்கிழங்கு மாதிரி தோலு தொங்குது. இதுக்காடா என்னைக் குதிரை ஏத்தப் பாக்குற?”

அவன் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருகினான்.

“அம்மா புள்ளைய அவகிட்டேர்ந்து வாங்கி வச்சிருக்காங்க. ஒம்பது நாளாச்சு. பால் குடுக்க விடல. ஒட்டிக்குமாம். நான் சொன்னா அம்மா கேக்கல. டாக்டர் வந்து சொல்லட்டும்கிறாங்க.”

டீயைக் குடிக்காமலே பையை எடுத்தேன்.

ஆறு மணி நேரப் பயணம். கணவாய் ஏறும்போது வெயில் மண்டையைப் பிளந்தது, உச்சியில் ஆலங்கட்டி மழை பெய்தது, இறங்கும்போது மறுபடி வெயில். காற்று மட்டும் நிற்கவே இல்லை. என் உதடே இரண்டு இடத்தில் வெடித்துவிட்டது. உலார் திரும்பிப் பார்க்காமல் முன்னால் போனான். ஒரே ஒரு தடவை, “அவ அழறதில்ல அக்கா, அதான் பயமா இருக்கு,” என்றான்.

அவர்கள் இடத்தில் இரண்டு கம்பளிக் கூடாரங்கள். பெரியதில் பெரியவர்கள், சின்னதில் உலாரும் பெகாயிமும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அனார்கூல் அக்கா குதிரைப்பால் கறந்துகொண்டிருந்தார். பெகாயிமின் மாமியார். ஒற்றை முழங்காலை மண்ணில் ஊன்றி, மற்ற முழங்காலில் வாளியை அணைத்து, பெட்டைக் குதிரையின் பின்னங்காலைச் சுற்றிக் கையை விட்டுக் கறப்பார். அறுபது வயதிலும் அந்த வேகத்தில் கறக்க இந்தக் கரையில் ஆள் கிடையாது. தெமிர் அண்ணன் குட்டியைத் தாயின் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். எப்போதும்போல மௌனம். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

“வந்துட்டியா ஜுமாகூல்? இடுப்பு எப்படி இருக்கு?” என்றார் அக்கா, கறப்பதை நிறுத்தாமல்.

“இடுப்பா? அது கணவாய்லயே விழுந்துடுச்சு. உலார் எடுத்துட்டு வருவான்.”

“உக்காந்து கிமிஸ் குடி. அப்புறம் பேசலாம்.”

பெரிய கூடாரத்துக்குள் கூட்டிப்போய்ப் புளித்த குதிரைப்பாலை ஒரு கிண்ணம் ஊற்றித் தந்தார். எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டியும் பாலாடையும் வைத்துவிட்டு மாவு பிசைய உட்கார்ந்தார். நான் குடித்து முடிக்கும்வரை ஆடுகளைப் பற்றியும், தாமதமாக முளைத்த புல்லைப் பற்றியும், பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் நாய்க்கு ஒழுங்காகச் சோறு போடாததைப் பற்றியும் பேசினார். திரைக்குப் பின்னால் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. குழந்தை அழுது ஓய்ந்து விக்கிக்கொண்டிருப்பது எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

“என்ன குடுக்கிறீங்க புள்ளைக்கு?”

“பசும்பால்ல தண்ணி கலந்து குடுக்கிறேன். கொஞ்சம் குதிரைப்பாலும். துப்புது. கழுதை, அம்மா மாதிரியே பிடிவாதம்.” அவர் கை மாவைப் பிசைந்துகொண்டே இருந்தது. “நீ என்னைத் திட்டுறதுக்கு முன்னாடி அவ முகத்தப் பாரு. பாத்துட்டுச் சொல்லு. வசந்தத்துல நம்ம கன்னுக்குட்டிக்கு அந்தப் படை வந்துச்சு. கண்ணச் சுத்தி வட்டவட்டமா. அவதான் அதுக்குத் தீனி வச்சா.”

“எந்தப் படை? தெமிர்ப்படையா?”

“ஸ்ஸ்! மெல்லடி!” வெளியே பார்த்தார். “அதேதான்.”

எங்களில் மருமகளாக ஒரு வீட்டுக்குள் வந்தவள் மாமனார் பெயரையோ, கணவனின் மூத்த உறவுகள் பெயரையோ வாயால் சொல்லமாட்டாள். பல வீடுகளில் கணவன் பெயரும் அப்படித்தான். அந்தப் பெயர் வேறொரு சொல்லுக்குள் மாட்டிக்கொண்டிருந்தால் அந்தச் சொல்லும் போச்சு. தெமிர் என்றால் இரும்பு. உலாரின் அப்பாவுக்கு அந்தப் பெயர் இருந்ததால், அந்த வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வாயிலும் இரும்பு கிடையாது, தெமிர்ப்படை என்று நாங்கள் சொல்லும் தோல்வியாதியும் கிடையாது. நான் வேறு வம்சத்துக்காரி, எனக்குக் கவலையில்லை.

“என் மூத்தவளுக்குத் தலைல வந்துச்சே, மறந்துட்டியா?” அக்கா குரல் இறங்கியது. “மொட்டையடிச்சு மூணு மாசம் ஆஸ்பத்திரில வச்சிருந்தாங்க. உள்ள விடமாட்டாங்க. ஜன்னல்ல மூஞ்சிய வச்சுக்கிட்டு, அம்மா, வீட்டுக்குப் போலாம்னுவா. அஞ்சு வயசு. இன்னிக்கும் அவ உச்சந்தலைல ஒரு கையகலம் முடி இல்ல, நாலு புள்ளை பெத்தும் முக்காட்டக் கழட்டமாட்டா. நான் கல்நெஞ்சுக்காரி இல்ல ஜுமாகூல்.”

அதைக் கேட்டபிறகு என்னால் திட்ட முடியவில்லை. எழுந்து பெகாயிமைப் பார்க்கப் போனேன்.

அவள் சின்னக் கூடாரத்துக்குப் பின்னால் காய்ந்த வரட்டிகளைச் சுவர்போல அடுக்கிக்கொண்டிருந்தாள். கண்களைத் தவிர மற்றதெல்லாம் முக்காட்டுக்குள். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்தாள், ஆனால் பக்கத்தில் வரவில்லை.

“கிட்ட வராதீங்க அக்கா.”

“அடி போடி. நான் பாக்காத தோலா? உக்காரு. துணிய எடு.”

எடுத்தாள். கல்யாணத்தன்று ஊரே பார்த்து வாயைப் பிளந்த முகம். நெற்றியும் கன்னமும் மோவாயும் சிவந்து, மேல்தோல் வெங்காயச் சருகாகப் பிரிந்து நின்றது. வாயோரத்தில் வெடிப்பில் ரத்தம். சிரிக்கவோ வாயை அகலத் திறக்கவோ முடியாததால் பல்லைக் கடித்துக்கொண்டே பேசினாள்.

வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். படை என்றால் வட்டமாக இருக்கும், ஓரம் தடித்து நடு ஆறிவரும். இங்கே வட்டமே இல்லை. மொத்தமாக ஒரே சிவப்பு. அதைவிட, எல்லை கோடு போட்டதுபோல நின்றது: நெற்றியில் முக்காடு தொடங்கும் இடத்தில் ஒரு கோடு, தாடைக்குக் கீழே ஒரு கோடு. கண்ணிமையும் காதும் சுத்தம். எந்தப் படையும் இவ்வளவு மரியாதையாக எல்லை பார்த்துப் பரவாது. இது யாரோ கையால் பூசியது.

“அரிக்குதா?”

“எரியுது.”

“எதுல முகம் கழுவுற?”

“துணி துவைக்கிற சோப்புதான். வேற தீந்துடுச்சு.”

“நல்லது. அப்புறம்?”

“தயிர் வடிச்ச தண்ணில கழுவினா வெளுக்கும்னு பக்கத்துக் கூடாரத்து அண்ணி சொன்னாங்க. அதுவும்.”

“புளிச்ச தண்ணி, வெயில், காத்து. ம். ஆட்டு வாலுக்கொழுப்பு ஏதாச்சும் தடவினியா?”

“இல்ல அக்கா, அதத் தடவினா மருந்து வேலை செய்யாதுன்னு விட்டுட்டேன்.”

“எந்த மருந்து?”

அவள் வரட்டிச் சுவரின் பக்கம் திரும்பினாள்.

“அடியே, ஆறு மணி நேரம் குதிரைமேல வந்திருக்கேன். எந்த மருந்து?”

உள்ளே போய்ப் படுக்கைக்கு அடியிலிருந்து ஒரு சின்ன ட்யூபைக் கொண்டுவந்தாள். முக்கால்வாசி காலி. எழுத்து ரஷ்யமொழி, பொடியெழுத்து. கண்ணாடியைப் போட்டுப் படித்தேன். கரும்புள்ளி போக்கி முகத்தை வெளுக்க வைக்கும் களிம்பு. மேல்தோலை உரித்தெடுக்கும் அமிலம் சேர்த்தது. இரவில் மட்டும் மெல்லியதாகப் பூசவும், வெயிலில் போகக் கூடாது.

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை போட்ட?”

“காலைல, மத்தியானம், ராத்திரி. சீக்கிரம் போகட்டும்னுதான். உரிய ஆரம்பிச்சதும் சந்தோஷப்பட்டேன் அக்கா. கெட்ட தோலு போகுது, உள்ள நல்லது வருதுன்னு. உரிய உரியக் கூடக் கொஞ்சம் போட்டேன்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “பைத்தியக்காரி! உனக்கு எதுக்குடி வெளுக்கிற க்ரீம்? பாலாடை மாதிரி நிறத்த வச்சுக்கிட்டு எவளப் பாத்து ஆசைப்பட்ட? இதத் தடவிக்கிட்டு வெயில்ல பால் கறந்தா உரியாம என்ன பண்ணும்?”

“வெளுக்கிற க்ரீமா?” அவள் கண் அகலமாகியது. “இல்ல அக்கா. நான் அதக் கேக்கல. படைக்குத்தான் கேட்டேன்.”

“படைக்கு எவ இதக் குடுப்பா? கடைல என்னன்னு கேட்ட? அப்படியே சொல்லு.”

“முகத்துல கருப்பு வந்திருக்கு, மருந்து குடுங்கன்னு.”

“கருப்பா? எங்கடி உனக்குக் கருப்பு?”

அவள் தவித்தாள். பெரிய கூடாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு, கீழே கிடந்த வாளியை விரலால் தட்டிக் காட்டினாள். கூடாரத்து வாசலில் இருந்த அடுப்பைக் காட்டினாள். வரட்டி குத்தி எடுக்கும் கவைக்கம்பியைக் காட்டினாள். எல்லாம் இரும்பு.

“நாங்க இதெல்லாம் கருப்புன்னுதான் சொல்லுவோம். கருப்பு வாளி, கருப்பு அடுப்பு. அத்தை அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. அந்தப் படைக்கும்...”

“கருப்புப் படை!”

“ஆமா. கடைல எனக்குப் பின்னாடி சின்ன மாமா நின்னுக்கிட்டிருந்தாரு. மாமாவோட தம்பி. அவரு காதுல விழுற மாதிரி அவங்க அண்ணன் பேர நான் எப்படி அக்கா சொல்றது?”

சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்தமுடியவில்லை. வரட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஈரமான மார்புத்துணியை இழுத்து மூடிக்கொண்டு தலை குனிந்தாள். அப்போதுதான் அந்த ஈரத்தைப் பார்த்தேன், சிரிப்பை நிறுத்தினேன்.

“பால் இன்னும் இருக்கா?”

“ஒரு நாளைக்கு நாலு தடவை ஓடைக்குப் போய்ப் பீச்சி விட்டுட்டு வரேன். நின்னுபோயிடக்கூடாதுன்னு. அங்க அவ அழற சத்தம் கேக்கும். கேட்டா தானா வந்துடும் அக்கா, பீச்சவே வேணாம்.”

பாவி, நானும் ஒரு தாய்தானே. கையைப் பிடித்து ஓடைக்குக் கூட்டிப்போனேன். வெறும் தண்ணீரில் முகத்தை நான்கு முறை கழுவவைத்தேன். பையிலிருந்த வாசலினை மெல்லப் பூசினேன். முதலில் என்ன இருந்தது என்று கேட்டால், மோவாயில் விரல்நகம் அளவுக்கு ஒரு சொரசொரப்பு. காற்றிலும் சோப்பிலும் யாருக்கும் வருவது. அனார்கூல் அக்கா அதைப் பார்த்துக் கருப்புப் படை என்று பயந்திருக்கிறார். இவள் அதற்கு மருந்து வாங்கப் போயிருக்கிறாள். மீதியெல்லாம் அந்தக் கருப்பு செய்த வேலை.

அனார்கூல் அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ட்யூபைக் காட்டினேன். அவர் மாவுக் கையோடு கேட்டுக்கொண்டார். முகம் இளகவில்லை.

“நீ இளகின மனசுக்காரி ஜுமாகூல். அவ அழுதிருப்பா, நீ கரைஞ்சிருப்ப.”

“அவ அழவே இல்ல.”

“மருந்துக்கடைப் பொண்ணு படிச்சவ. படைக்கு மருந்து கேட்டா படைக்குத்தான் குடுத்திருப்பா. நானே அவகிட்ட கேக்கிறேன். என் காதால கேட்டாத்தான் புள்ளையத் தருவேன்.”

“கேளுங்க. நம்பர் என்கிட்ட இருக்கு.”

போனுக்குச் சிக்னல் வேண்டுமென்றால் ஏரிக்கு மேலே இருக்கும் மொட்டைக் குன்றில் ஏறவேண்டும். ஏறினோம். காற்று எங்கள் பாவாடைகளைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. கீழே தெமிர் அண்ணன் குட்டிக் குதிரைகளைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தது சின்னதாகத் தெரிந்தது. நான் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, அவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். வாயைத் திறக்கவில்லை. ஒரு சொல் எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை, வேண்டுமென்றேதான்.

“சொல்லுங்க பெரியம்மா,” என்றது கடைப் பெண்ணின் குரல்.

“என் மருமக போன மாசம் உன் கடைல முகத்துக்கு மருந்து வாங்கினா. எதுக்குன்னு குடுத்த?”

“தெனம் நூறு பேரு வராங்க பெரியம்மா. முகத்துல என்னன்னு கேட்டாங்க?”

“அதுதான்... அந்தக் கருப்பு.”

“ஓ, கருப்புக்கா! ஞாபகம் வந்துடுச்சு. கைக்குழந்தையோட வந்தாங்களே. வெள்ளையாத்தான் இருந்தாங்க, இவங்களுக்கு எங்க கருப்புன்னு நானே நெனச்சேன். உரியுதா? உரியணும் பெரியம்மா, உரிஞ்சாத்தான் வெளுப்பு வரும். உங்களுக்கும் ஒண்ணு எடுத்து வைக்கட்டுமா?”

“எனக்கு எதுக்குடி வெளுப்பு, இந்த வயசுல! நான் கேக்கிறது படை. கருப்புப் படை!”

“கரும்புள்ளிதானே? அதுக்கும் அதே க்ரீம்தான்.”

“புள்ளி இல்லடி! படை! வட்டமா வருமே! கன்னுக்குட்டிக்கு வருமே!”

“கன்னுக்குட்டிக்குக் கரும்புள்ளியா? சரியாக் கேக்கல பெரியம்மா, ஒரே காத்தா இருக்கு. பேரச் சொல்லுங்க! வியாதியோட பேரு என்ன?”

அக்கா என்னைப் பார்த்தார். நான் ஏரியைப் பார்த்தேன்.

“பேரு... அது... எங்க வீட்டுல உள்ளவரு... அய்யோ, கருப்பு!”

“சரி, அப்போ கருப்புக்குன்னே ரெண்டு ட்யூப் அனுப்பிடறேன்.”

“தெமிர்!” என்று கத்தினார் அனார்கூல் அக்கா. “தெமிர்டி! தெமிர்ப்படை! தெ...மிர்!”

கல்யாணமான நாளிலிருந்து முப்பத்தெட்டு வருடமாக அடைத்து வைத்திருந்த சத்தம். குன்று முழுக்கக் கேட்டது.

“அய்யய்யோ, தெமிர்ப்படைக்கு இதப் போடவே கூடாது பெரியம்மா! யாரு குடுத்தது?” என்றது கடைப் பெண்.

கீழே புல்வெளியில் தெமிர் அண்ணன் நிமிர்ந்து நின்றார். கையை வாயில் குவித்து, “வந்துட்டேன்!” என்று கத்தினார். கையிலிருந்த குட்டியைக் கட்டாமலே விட்டுவிட்டு, வாளியைத் தட்டிக் கவிழ்த்து, அந்த வயதான மனிதர் குன்றை நோக்கி ஓடி வர ஆரம்பித்தார். என்ன செத்துப்போனதோ, எது பற்றி எரிகிறதோ என்றுதானே நினைத்திருப்பார்.

அக்கா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே குந்தினார். முகம் காது வரை சிவந்துவிட்டது.

“அவளும் இப்படித்தான் நின்னிருப்பா இல்ல, கடைல?” என்றார் மெதுவாக. “நான் சொல்லிக் குடுத்த வார்த்தைதான். நான் சொல்லிக் குடுத்ததுதான் ஜுமாகூல்.”

பிறகு எழுந்து, என்னை விட்டுவிட்டுச் சரிவில் இறங்கினார். தெமிர் அண்ணன் மூச்சிரைக்க எதிரே வந்ததைப் பார்த்து வழியை மாற்றிச் சுற்றிக்கொண்டு போனார்.

நான் நொண்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அக்கா தொட்டிலின் கட்டுகளை அவிழ்த்துக் குழந்தையை எடுத்துவிட்டிருந்தார். சின்னக் கூடாரத்துக்குப் போய்ப் பெகாயிமின் மடியில் வைத்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. எங்கள் பக்கம் மாமியார்கள் கேட்டு நான் பார்த்ததில்லை.

“இந்தா. பசியோட இருக்கா,” என்றார். குரல் உடைந்திருந்தது. “இனிமே வாளிய வாளின்னு மட்டும் சொல்லு. கருப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

குழந்தை அந்தச் சிவந்த முகத்தைப் பார்த்து வீரிட்டது. திமிறியது. பெகாயிம் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தாள். அக்கா அவள் தாடையைத் தொட்டு, வலிக்காமல், குழந்தை பக்கமே திருப்பி வைத்தார். “பாக்கட்டும். பாத்துப் பழகட்டும்.” குழந்தை விக்கியது, மோப்பம் பிடித்தது, மார்பைத் தேடி முட்டியது. கவ்விக்கொண்டது. அந்தச் சப்புகிற சத்தம் கேட்டதும் நாங்கள் மூன்று பேரும் மூச்சை விட்டோம்.

வாசல் வெளிச்சம் மறைந்தது. தெமிர் அண்ணன். மருமகள் பால் கொடுப்பதைப் பார்த்ததும் சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்.

“என்ன ஆச்சு? யாரு கூப்பிட்டது?”

“யாரும் கூப்பிடல,” என்றார் அக்கா.

“பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க.”

“ஜுமாகூல் கூப்பிட்டிருப்பா.”

“ஜுமாகூல் குரல் எனக்குத் தெரியும்.” அந்த மனிதர் ஒரு நாளில் பேசுகிற மொத்தப் பேச்சும் அதோடு தீர்ந்திருக்கவேண்டும், ஆனால் தீரவில்லை. “நல்லாத்தான் இருந்துச்சு. இன்னொரு தடவை கூப்பிடச் சொல்லு.”

அக்கா கையில் கிடைத்த துண்டைச் சுருட்டி அவர் முதுகில் எறிந்தார். “போய்க் குட்டியக் கட்டுங்க! பாலெல்லாம் குடிச்சுத் தீத்துடும்!”

பெகாயிம் சிரித்துவிட்டாள். முக்காட்டைத் தேடினாள், கிடைக்கவில்லை. வாயைப் பொத்தக் கை இல்லை, இரண்டு கையிலும் குழந்தை. வாயோரத்து வெடிப்பு பிளந்து ரத்தம் துளிர்த்தது. ஒன்பது நாளாக வராத கண்ணீரும் அப்போதுதான் வந்து, உரிந்த கன்னத்தில் பட்டுச் சுரீரென்றிருக்க வேண்டும், முகத்தைச் சுளித்தாள்.

“சிரிக்காதடி, எரியும்,” என்றேன்.

“எரியுது அக்கா,” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தாள். குழந்தை வாயை எடுக்கவே இல்லை.